சிங்கப்பூரில் அக்காள் கணவர் கணக்கில் விழும் கட்டணம் யாருடைய வருமானம்?

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். பெயரும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கடிதத்தின் சுருக்கம் இது. அவர் தமிழில் எம்.ஏ., பி.எட். முடித்தவர். ஒரு மெட்ரிக் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து, 2023 ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே இணையவழியில் தமிழ் கற்பிக்கத் தொடங்கினார். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் மாணவர்கள். அவர் தந்த கணக்குப்படி, 2025-26 நிதியாண்டு முடியும்போது வட அமெரிக்கப் பெற்றோர்களிடமிருந்து பேபால் வழியாக 6.5 லட்சம் ரூபாய், ஓர் அமெரிக்கக் கற்பித்தல் தளத்தின் மூலம் கழிவு போகக் கைக்கு வருவது 5 லட்சம், உள்நாட்டில் கூகுள் பே வழியாக 2.5 லட்சம், ஓர் இந்தியக் கல்வி நிறுவனத்துக்கு எடுத்த வகுப்புகளுக்கு 1.5 லட்சம் வந்திருக்கும். இவை தவிர, சிங்கப்பூர்ப் பெற்றோர்கள் அங்கேயே வசிக்கும் இவருடைய அக்காள் கணவரின் கணக்கில் கட்டணத்தைச் செலுத்திவிடுகிறார்கள். அவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதைத் திரட்டி, குடும்பச் செலவுக்கு என்று குறிப்பிட்டு அனுப்பிவைக்கிறார். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம்.

பள்ளி வேலையை விட்ட பிறகு அவர் வருமான வரி ரிட்டர்ன் எதுவும் தாக்கல் செய்யவில்லை. “வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இங்கே வரி கிடையாது, உறவினர் அனுப்புவதற்கும் கிடையாது, அதற்கு மேலும் 12 லட்சம் வரை வரியே இல்லை என்று சொல்கிறார்களே” என்று நினைத்திருந்தார். இப்போது வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, வங்கி மூன்று ஆண்டு ரிட்டர்ன் கேட்டிருக்கிறது. ஒருவர் மொத்த வரவில் 6 சதவீதத்தைக் காட்டினால் போதும் என்கிறார். இன்னொருவர் பாதியைக் காட்ட வேண்டும் என்கிறார். கல்விக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது மூன்றாமவர் சொன்னது. “நான் தெரியாமல் குற்றம் செய்துவிட்டேனா? எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலை சீர்செய்யக்கூடியது. நீங்களாகவே முன்வந்து கணக்கைச் சரிசெய்து வரியைச் செலுத்துவதற்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது; அந்த வழி உங்களுக்கு இன்று திறந்தே இருக்கிறது. ஆனால் அதற்குத் தேதிகள் உண்டு. இந்தப் பதிலை 2026 பிப்ரவரியில் எழுதுகிறேன். மார்ச் 15, மார்ச் 31 என்ற இரண்டு நாட்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெளிநாட்டுப் பணம், உள்நாட்டு வரி

இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படும் ஒருவர், உலகின் எந்த மூலையிலிருந்து வருமானம் ஈட்டினாலும் அதற்கு இந்தியாவில் வரி செலுத்தக் கடமைப்பட்டவர். உங்கள் விஷயத்தில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. நீங்கள் திருச்சியில் உங்கள் வீட்டில் அமர்ந்து பாடம் நடத்துகிறீர்கள். உழைப்பு நிகழும் இடம் இதுதான். டாலரில் வந்தாலும், சிங்கப்பூர் வெள்ளியில் வந்தாலும் அது இந்தியாவில் ஈட்டிய தொழில் வருமானமே. வெளிநாட்டில் வசித்துச் சம்பாதிக்கும் உறவினர்கள் தங்கள் சம்பளத்தை ஊருக்கு அனுப்பும்போது இங்கே வரி இல்லை என்று சொல்வது உண்மைதான். அவர்கள் இங்கே வசிப்பவர்கள் அல்லர் என்பதால் அது அவர்களுக்குப் பொருந்தும். அதையே உங்களுக்கும் பொருத்திப் பார்த்ததில்தான் குழப்பம் வந்திருக்கிறது.

இதன் மறுபக்கம் உங்களுக்குச் சாதகமானது. அமெரிக்கத் தளம் டபிள்யூ-8 பென் என்ற படிவத்தைக் கேட்பதாகவும், கையெழுத்திட்டால் அமெரிக்காவில் வரி பிடித்துவிடுவார்களோ என்று தயங்கி அதை ஒத்திப்போட்டு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர்மாறானது. நீங்கள் அமெரிக்கக் குடிமகளோ அந்நாட்டில் வரிவிதிப்புக்கு உட்பட்டு வசிப்பவரோ அல்லர் என்று உறுதியளிக்கும் படிவம் அது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்து செய்யும் பணிக்கான கூலி அமெரிக்க மூலத்திலிருந்து வந்த வருமானமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே அந்தப் படிவத்தை உண்மையான விவரங்களோடு நிரப்பி, உங்கள் பான் எண்ணையும் கொடுத்து, தயங்காமல் அனுப்பிவிடுங்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது காலண்டர் ஆண்டின் முடிவு வரை அது செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும்.

அக்காள் கணவர் வழியாக வரும் பணம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இந்தப் பகுதிதான். தொகை என்னவோ 3 லட்சம்தான். ஆனால் மற்ற எல்லாக் குறைகளும் தாக்கல் செய்யாமல் விட்டவை, இது மட்டும் வேறொன்றாகக் காட்டப்பட்டது. இந்த வேறுபாடு சட்டத்தின் முன் பெரியது.

உறவினர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பதும், அக்காளின் கணவர் அந்த உறவினர் பட்டியலில் வருகிறார் என்பதும் சரி. ஆனால் அவர் உங்களுக்குத் தருவது அவருடைய பணம் அல்ல. பெற்றோர்கள் உங்கள் பாடத்துக்குக் கொடுத்த கட்டணத்தை உங்கள் சார்பில் அவர் வாங்கி வைத்திருக்கிறார். அது அவர் கணக்கில் விழுந்த நாளிலேயே உங்கள் வருமானம் ஆகிவிடுகிறது. உங்களுக்கு எப்போது அனுப்பினார், என்ன காரணம் எழுதி அனுப்பினார் என்பதால் அதன் தன்மை மாறாது. கட்டணத்தை அன்பளிப்பாகக் காட்டி வருமானத்தை மறைத்ததாக அதிகாரி முடிவுசெய்தால், அந்த வருமானத்துக்கான வரியின் இருமடங்கு அபராதமாக விதிக்கப்படலாம். கவனக்குறைவால் குறைத்துக் காட்டியதற்கு விதிப்பது வரியில் பாதி. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் இதில் உண்டு. வெளிநாட்டவருக்குச் சேவை செய்து ஈட்டிய பணம் வங்கி வழியாக நேரே உங்களிடம் வர வேண்டும் என்பதே 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் எதிர்பார்ப்பு. குடும்பப் பராமரிப்பு என்ற நோக்கத்தோடு வரும் தொகையை நாளைக்கு ஏற்றுமதிச் சேவையின் வரவு என்று நீங்கள் நிரூபிப்பது கடினம். ஜிஎஸ்டியில் அந்த நிரூபணம் உங்களுக்கு அவசியமாகப் போகிறது. அடுத்தது உங்கள் அக்காள் கணவரைப் பற்றியது. அவர் வேலை அனுமதிச் சீட்டில் அங்கே இருப்பவரானால், பல குடும்பங்களிடமிருந்து மாதந்தோறும் அவர் கணக்கில் பணம் விழுவது அவரிடமே அங்கே கேள்வி எழுப்பக்கூடும். உதவி செய்ய வந்தவரைச் சங்கடத்தில் நிறுத்தக் கூடாது.

எனவே இந்த மாதமே சிங்கப்பூர்ப் பெற்றோர்களிடம் பேசி, அடுத்த கட்டணத்திலிருந்து உங்கள் பெயருக்கே செலுத்தச் சொல்லுங்கள். இதற்கென்று தனியாக ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். பணம் வரும்போது வங்கியோ பேபாலோ கேட்கும் நோக்கக் குறியீட்டில், கல்விச் சேவைக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான அறிவிக்கையை வங்கியிடமும் பேபாலிடமும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். கடந்த ஆண்டுகளுக்கு, அக்காள் கணவரின் கணக்கு அறிக்கையிலிருந்து எந்தப் பெற்றோர் எந்தத் தேதியில் எவ்வளவு செலுத்தினார் என்ற பட்டியலை வாங்கி, அவர் உங்களுக்கு அனுப்பிய தொகைகளோடு பொருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்தே இனி எல்லா ரிட்டர்னிலும் வருமானமாகக் காட்ட வேண்டும். அக்காளிடம் இதைப் பேசுவது சங்கடமாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் வீட்டின் நன்மைக்கும் சேர்த்துத்தான் இந்த மாற்றம் என்று எடுத்துச் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

ஆறு சதவீதமா, பாதியா, உள்ளபடியா?

உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும், உண்மைச் செலவைக் கணக்கிடாமல் மொத்த வரவில் ஒரு பங்கையே வருமானமாகக் கொள்ளும் அனுமான அடிப்படையிலான வரித் திட்டங்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாதியைக் காட்டும், வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே உரியது: வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காயர், தொழில்நுட்ப ஆலோசகர், உள்ளலங்கார வல்லுநர், இவர்களோடு அரசு அறிவிக்கை செய்த வேறு சிலர். அந்தப் பட்டியலில் ஆசிரியர் இல்லை. ஆகவே அது உங்களுக்குக் கிடையாது.

ஆறு சதவீதத்தைச் சொல்லும் 44ஏடி பிரிவில் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. அது வணிகம் செய்பவர்களுக்கானது. தனிப்பயிற்சியும் டியூஷனும் அதில் அடங்கும் என்று வாதிடும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். உங்களைப் போலத் தன் படிப்பையும் திறமையையும் மட்டுமே மூலதனமாகக் கொண்டு செய்வது வணிகமாகாது, அது தொழிற்புலமை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாம் தரப்பையே வலுவானதாகக் கருதுகிறேன். தவிரவும், ஆறு சதவீதம் என்பது குறைந்தபட்ச அளவே. அதைவிட அதிகமாக ஈட்டியதாக ஒருவர் காட்டினால் அந்த அதிகத் தொகைதான் வருமானம். செலவு போகக் கையில் 16 லட்சம் நிற்கும்போது (கணக்கைக் கீழே தருகிறேன்) ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவாக வருமானம் காட்டிவிட்டு, அதே ரிட்டர்னைக் கொண்டுபோய் வீட்டுக் கடன் கேட்டால் வங்கி மேலாளர் அந்த எண்ணை வைத்தே உங்கள் தகுதியைக் கணக்கிடுவார். குறைத்துக் காட்டினால் உங்களுக்கு வேண்டிய கடனும் குறையும்.

எனவே உள்ளபடியே வரவு செலவுக் கணக்கு எழுதி, தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான ஐடிஆர்-3 என்ற ரிட்டர்ன் படிவத்தில் தாக்கல் செய்வதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. உங்கள் வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டுவதால் கணக்கேடுகள் வைத்திருப்பது எப்படியும் கடமைதான்.

அப்படிக் கணக்கிட்டால் என்ன வருகிறது என்று பார்ப்போம். தளம் பிடித்துக்கொள்ளும் கழிவு 1.25 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். கழிவுக்கு முந்திய 6.25 லட்சத்தையே வரவாக எழுத வேண்டும். கழிவு செலவுப் பக்கம் போகும். ஆக உங்கள் மொத்த வரவு, நீங்கள் நினைத்த 18.5 லட்சம் இல்லை, 19.75 லட்சம். செலவில் அந்தக் கழிவு, பேபால் கட்டணமும் நாணய மாற்றில் போனதும் சேர்த்து 40 ஆயிரம், சிறு பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் உங்கள் தோழிக்குக் கொடுத்த 1.2 லட்சம், இணைய இணைப்பு, மின்சாரத்தில் தொழிலுக்குரிய பங்கு, ஜூம் சந்தா, பாடநூல், அச்சுச் செலவு எல்லாமாக 66 ஆயிரம், 60 ஆயிரத்துக்கு வாங்கிய மடிக்கணினிக்கு 40 சதவீதத் தேய்மானம் 24 ஆயிரம் என்று 3.75 லட்சம் கழியும். கணினியை அக்டோபருக்குப் பிறகு வாங்கியிருந்தால் அந்த ஆண்டு பாதித் தேய்மானமே கிடைக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மீதி 16 லட்சம் உங்கள் நிகர வருமானம். புதிய வரித்திட்டத்தில் 4 லட்சம் வரை வரியில்லை. அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம், 16 லட்சம் வரை 15 சதவீதம். ஆக 1,20,000 ரூபாய், அதன்மேல் 4 சதவீதத் தீர்வை (செஸ்) சேர்த்து 1,24,800 ரூபாய்.

“12 லட்சம் வரை வரியே இல்லை” என்பதைப் பற்றிய பிழையை இங்கே திருத்த வேண்டும். நிகர வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வரியை முழுதாகத் தள்ளுபடி செய்யும் சலுகை அது. அதை நன்றாகத் தாண்டியவர்களுக்கு முதல் 12 லட்சம் விடுபடாது. அந்தச் சலுகையும் 2025-26 முதல்தான். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளிலும் வரம்பு 7 லட்சம். வரி வராவிட்டாலும், மொத்த வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் தனி விதி. சம்பளக்காரர்களுக்கான 75 ஆயிரம் நிலைக்கழிவும் உங்களுக்குக் கிடையாது. அதன் இடத்தில்தான் உண்மைச் செலவுகளைக் கழித்துக்கொள்கிறீர்கள்.

வரி மிச்சமாகும் என்று காப்பீட்டு முகவர் ஒருவர் மார்ச்சுக்குள் ஒரு பாலிசி எடுக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். பழைய திட்டத்துக்குப் போய், 1.5 லட்சம் சேமிப்புக் கழிவும் 25 ஆயிரம் மருத்துவக் காப்பீட்டுக் கழிவும் முழுதாக எடுத்துக்கொண்டாலும் உங்கள் வரி 2,49,600 ரூபாய் வருகிறது. புதிய திட்டத்தில் வருவதைப் போல இருமடங்கு. புதிய திட்டத்திலோ அந்தக் கழிவுகளே இல்லை. வரியை மனத்தில் வைத்து எந்தப் பாலிசியும் எடுக்காதீர்கள். பள்ளி வேலையோடு போய்விட்ட மருத்துவக் காப்பீட்டை மட்டும், உடல்நலத்துக்காகவே, உடனே எடுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை.

இந்த ஆண்டும் விடுபட்ட ஆண்டுகளும்

கல்வி நிறுவனம் பணம் தரும்போதே 10 சதவீத வரியை, அதாவது டிடிஎஸ், பிடித்துவிட்டதால் அந்தப் பணத்துக்கு வரி முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அது உங்கள் மொத்த வரியில் முன்பணமாக வரவு வைக்கப்படும் 15,000 ரூபாய், அவ்வளவே. அதைக் கழித்தால் இந்த ஆண்டு நீங்கள் செலுத்த வேண்டியது 1,09,800 ரூபாய். 10,000 ரூபாய்க்கு மேல் வரி நிற்கும் எவரும் அதை ஆண்டுக்குள்ளேயே முன்கூட்டிய வரியாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் நான்கு தவணைகளில் செலுத்த வேண்டும். மூன்று தவணைகள் போய்விட்டன. வருகிற மார்ச் 15க்குள் முழுத் தொகையையும் வருமான வரி இணையதளத்தில் செலுத்திவிட்டால், தவறிய தவணைகளுக்குச் சுமார் 4,400 ரூபாய் வட்டியோடு இந்த ஆண்டு முடிந்துவிடும்.

2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் வழக்கமான ரிட்டர்னுக்கும் தாமத ரிட்டர்னுக்கும் காலம் கடந்துவிட்டது. மிஞ்சியிருப்பது புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன், அதாவது ஐடிஆர்-யூ. 2023-24இல் நிகரமாக 8 லட்சம் என்று சொல்லியிருக்கிறீர்கள். வரி 36,400 ரூபாய். 2024-25இல் 12 லட்சம். வரி 83,200 ரூபாய். இவற்றோடு ஆண்டுக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும். முதல் ஆண்டுக்கு இப்போது செலுத்தினால் வட்டியே வரியில் பாதியை நெருங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வரியையும் வட்டியையும் கூட்டிய தொகையின்மேல் 25 சதவீதம் கூடுதல் வரி தனி. 2023-24க்கு இந்த 25 சதவீதம் 2026 மார்ச் 31 வரைதான். ஏப்ரல் முதல் தேதி அது 50 சதவீதமாகிவிடும். 2024-25க்கு 2027 மார்ச் வரை அவகாசம் இருக்கிறது. கையில் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால், முதலில் 2023-24ஐ முடியுங்கள். நகைக் கடன் வாங்கியாவது முடியுங்கள் என்று சொல்லத் தயங்க மாட்டேன். துறை உங்கள் கணக்கில் சோதனையோ ஆய்வோ தொடங்கிவிட்டால் அந்த ஆண்டுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். நீங்களாகச் செய்யும்போதுதான் இது உங்களைக் காக்கும்.

ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்கள் போய் வரி ஆண்டு என்ற ஒரே பெயர் வரும். பழைய ஆண்டுகளின் பாக்கி அதனால் மறைந்துவிடாது.

ஜிஎஸ்டி: எல்லைக்கோட்டின்மேல் நிற்கிறீர்கள்

கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு என்பது பள்ளிகளுக்கும், சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தகுதிக்கான பாடத்திட்டத்தை நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியது. உங்கள் மாணவர்கள் சிலர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்த் தேர்வை எழுதுகிறார்கள், அதனால் உங்களுக்கும் விலக்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவது அந்த அமைப்பு. நீங்கள் அதற்குத் தயார்ப்படுத்தும் தனிப் பயிற்சியாளர். தனிப் பயிற்சிக்கு 18 சதவீதம் வரி உண்டு.

ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவுசெய்யும் கடமை இல்லை. வேறு மாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் சேவை செய்தாலும், இணையத்தளம் வழியாகச் செய்தாலும், சேவை வழங்குபவர்களுக்கு இந்த 20 லட்ச வரம்பு பொருந்தும்படி 2017இலேயே அறிவிக்கைகள் வந்துவிட்டன. அந்த வரம்பைக் கணக்கிடும்போது வெளிநாட்டு வரவும் சேரும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் 19.75 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடையே 25 ஆயிரம்தான். மார்ச்சில் ஒரு புதிய குழு சேர்ந்து, பத்து வகுப்புக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் தாண்டிவிடுவீர்கள். தாண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தளத்தின் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள்: மாணவருக்குப் பாடம் விற்பவர் நீங்களா, தளமா என்பதைப் பொறுத்து 6.25 லட்சமா 5 லட்சமா எது உங்கள் வரவு என்பது மாறலாம்.

பதிவுசெய்வதை எண்ணி அஞ்ச வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்பிப்பது ஏற்றுமதி. ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இணையத்தில் தாக்கல் செய்துவிட்டால் வரி செலுத்தாமலே அந்தச் சேவையை வழங்கலாம். பணம் அந்நியச் செலாவணியாக உங்களுக்கு வந்து சேர வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. சிங்கப்பூர் விஷயத்தை நான் அவ்வளவு வலியுறுத்தியதற்கு இதுவும் காரணம். நியூ ஜெர்சியில் இருக்கும் பேரனுக்காகச் சென்னையில் இருக்கும் தாத்தா கூகுள் பேயில் ரூபாயாகச் செலுத்தினால், அது பெரும்பாலும் உள்நாட்டுச் சேவையாகவே கொள்ளப்பட்டு 18 சதவீதம் விழும். அத்தகைய குடும்பங்களை, பிள்ளையின் பெற்றோரே அங்கிருந்து செலுத்தும்படி இப்போதே மாற்றுங்கள். பதிவுக்குப் பிறகு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நீங்கள் தரும் சந்தாவுக்கும் கழிவுக்கும் நீங்களே ஜிஎஸ்டி கட்டி, அதை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளும் வேலையும் சேரும். அதை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம்.

இனி மாதம் தோறும்

ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரிசை எண்ணிட்ட பில் ஒன்று கொடுங்கள். பெயர், நாடு, எத்தனை வகுப்பு, எந்த நாணயம், எவ்வளவு என்பது அதில் இருந்தால் போதும். தோழிக்குத் தரும் பணத்தை வங்கி வழியாகவே தாருங்கள். உங்கள் வரவின் அளவுக்கு நீங்கள் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை, அவர் தம் ரிட்டர்னில் காட்ட வேண்டும். திருச்சி மாநகராட்சிக்கு அரையாண்டுதோறும் செலுத்தும் தொழில் வரியையும் விட்டுவிடாதீர்கள். அது ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்போகாது; செலவாகவும் கழியும்.

நடப்புக் கணக்கில் விழும் ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒரு பங்கை அன்றைக்கே தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் இன்றைய வரி மொத்த வரவில் 7 சதவீதத்துக்கும் குறைவு. மிகுவது வரவு கூடும் ஆண்டுக்கு உதவும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அமெரிக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை, குடும்பங்கள் ஊருக்கு வந்துவிடுகிறார்கள், அந்த மாதங்களில் வரவு பாதியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே வீட்டுச் செலவுக்கு மாதச் சம்பளம் போல ஒரே தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறு மாதச் செலவு சேரும் வரை மீதியைத் தொடாமல் வையுங்கள். வீட்டுக் கடன் தவணையைத் தீர்மானிக்கும்போது, ஜூலை மாத வரவை வைத்துத் தீர்மானியுங்கள்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சுக்குள் 2023-24ஐயும், பின்னர் 2024-25ஐயும் தாக்கல் செய்து, 2025-26க்கான படிவம் இணையதளத்தில் திறந்ததும் அதையும் முடித்துவிட்டால், வங்கி கேட்ட மூன்று ஆண்டு ரிட்டர்ன்களும் உங்களிடம் இருக்கும். மூன்றும் ஒரே ஆண்டில் தாக்கலானவை என்பதை மேலாளர் நிச்சயம் கவனிப்பார். சில வங்கிகள் இன்னும் ஓராண்டு பொறுக்கச் சொல்லவும் கூடும். அப்போது வங்கி அறிக்கை, அந்நிய வரவு அறிவிக்கைகள், பில் கோப்பு ஆகியவற்றைக் கொண்டுபோய்ப் பணம் மாதந்தோறும் உண்மையாகவே வந்திருப்பதைக் காட்டுங்கள். முன்பணம் கொடுத்து வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதுவதை அதுவரை தள்ளிவையுங்கள்.